14 வருடம் பூட்டிக் கிடந்த துளை

நான் கடைசல் பட்டறையில் டர்னர். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் இதை எப்படிக் கடைந்திருப்பார்கள் என்றுதான் முதலில் யோசனை ஓடும். கோல்ட் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் பழைய கருமருந்து ரிவால்வரை உலோகத் தோட்டாவுக்கு மாற்ற அலெக்சாண்டர் தூவர் போட்ட திட்டத்தின் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். தோட்டாவைச் சிலிண்டருக்குள், அதாவது குண்டுகளுக்கான அறைகள் உள்ள சுழல் உருளைக்குள், முன்பக்கமாகப் போட்டு, பழைய நெம்புகோலால் அழுத்த வேண்டும். இதற்காகவே தோட்டாக் கூட்டை அடி சிறுத்து வாய் அகன்றதாகச் செய்திருக்கிறார்கள். அருமையான வேலைதான். ஆனால் அறையின் பின்பக்கம் ஒரு துளை போட்டு அந்த வழியாகத் தோட்டாவை நுழைத்தால் முடிகிற காரியத்துக்கு ஏன் இந்தச் சுற்றுவழி?

துளை போட அனுமதி இல்லை. அதுதான் காரணம்.

சிலிண்டரின் அறைகளைப் பின்பக்கம் வரை முழுதாகத் துளைப்பதற்கு 1855 ஏப்ரல் 3 அன்று ரோலின் வைட் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் வரைந்து காட்டிய ரிவால்வர் வேலைக்கு உதவாத வடிவம். அதற்குள் இருந்த அந்த ஒரு துளைக்குத்தான் மதிப்பு. அடுத்த வருடமே ஸ்மித் அண்ட் வெஸன் என்ற துப்பாக்கிக் கம்பெனி அவரோடு ஒப்பந்தம் போட்டது, ரிவால்வருக்கு 25 சென்ட் என்று. பிரான்சில் லெஃபோஷே என்பவர் 1854-லேயே இப்படித் துளைத்த சிலிண்டரோடு ரிவால்வர் செய்துகொண்டிருந்தார்!

எனக்கு ஆறாத விஷயம் 1861-ல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர். பழைய ரிவால்வரை நிரப்ப ஒவ்வொரு அறையிலும் மருந்து, அதன் மேல் ஈயக்குண்டு, நெம்பி இறுக்கி, பின்னால் உள்ள முளையில் நம் பொட்டுவெடி மாதிரி ஒரு சின்னச் செப்பு மூடி. இப்படி ஆறு தடவை. காகிதத்தில் கட்டிய மருந்து கிடைத்தாலும் நனைந்தால் போச்சு. இதைக் குதிரை மேல் உட்கார்ந்து, எதிரில் சுட்டுக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். உரிமையைக் கையில் வைத்திருந்த கம்பெனியோ அப்போது செய்ததெல்லாம் .22, .32 அங்குல அளவுக் குண்டு போடும் சின்ன ரிவால்வர்கள். தானும் பெரிதாகச் செய்யவில்லை, அடுத்தவனையும் விடவில்லை. இதை நான் வியாபாரச் சாமர்த்தியம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

1868-ல் ரெமிங்டன் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி பணம் கட்டி அனுமதி வாங்கி, ஆறு அறைச் சிலிண்டருக்குப் பதில் .46 அளவில் ஐந்து அறைச் சிலிண்டர் போட்டு மாற்றிக் கொடுத்தது. கோல்ட் அந்த வழிக்குப் போகவில்லை. அப்படிப் பிறந்ததுதான் தூவரின் திட்டம். அதற்குக் காப்புரிமை கிடைத்தது 1868 செப்டம்பரில். வைட்டின் உரிமை 1869 ஏப்ரலில் காலாவதி. ஏழு மாதம்கூட இல்லை. அத்தனை மூளையும் உழைப்பும் ஒரு வேலியைச் சுற்றிப் போவதற்கே செலவாகிவிட்டது.

வைட் தன் உரிமையை நீட்டிக்கச் சொல்லி நாடாளுமன்றம் வரை போனார். மசோதாவும் நிறைவேறியது. 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் அதில் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். இந்தக் காப்புரிமையால் போர்க்காலத்தில் அரசு பட்ட சிரமம் போதும் என்பது ராணுவத் தளவாடத் தலைவரின் கருத்து. வைட் மேல் எனக்கு இரக்கம் உண்டு. உரிமையை மீறியவர்கள் மேல் வழக்கு நடத்தும் சுமையை ஒப்பந்தம் அவர் தலையில்தான் கட்டியிருந்தது. ஆனாலும் கிராண்ட் செய்ததே சரி. படை நடத்தியவருக்கு அந்தச் சிரமம் தெரியாதா?

பூட்டு கழன்றபின் கோல்ட் கம்பெனியில் வந்த ரிச்சர்ட்ஸ் மாற்றத்தை (1871) பாருங்கள். சிலிண்டரின் பின்பகுதியைக் கடைந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வளையத் தகடு, தோட்டா போட ஒரு சிறு கதவு. நெம்புகோல் இருந்த இடத்தில் காலிக்கூட்டைத் தள்ளும் கம்பி. துப்பாக்கியின் உடற்சட்டமும் குழலும் பழையவையே. அமெரிக்க ராணுவமே தன்னிடம் இருந்த கோல்ட் 1860 மாடல்களைக் கொடுத்து மாற்றி வாங்கியது. பிறகு கோல்ட்டில் வேலை பார்த்த வில்லியம் மேசன் இதை இன்னும் எளிமையாக்கினார். இவற்றை ஒட்டுப்போட்ட துப்பாக்கி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. என் கண்ணுக்கு 1873-ல் வந்த புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வரைவிட இவைதான் அழகு. கைவேலை செய்தவனின் யோசனை ஒவ்வொரு வெட்டிலும் தெரிகிறது.