ஒரு இட்லிக்கு அரை மணி நேரம்

அப்பா தினமும் சயான் ஸ்டேஷனில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில்தான் ஏறுவார். மும்பை லோக்கலில் புற்றுநோயாளிகளுக்கும் அந்தப் பெட்டியில் இடம் உண்டு. போன வாரம் ஒருவர், "பார்த்தால் நல்லாத்தானே இருக்கீங்க, இங்கே ஏன் ஏறினீங்க?" என்று இந்தியில் கேட்டிருக்கிறார். அப்பா மருத்துவமனை அட்டையைக் காட்டியிருக்கிறார். அன்று ராத்திரி வீட்டில் யாரிடமும் பேசவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோய்க்காக அப்பாவின் இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். உணவுக்குழாயைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அந்த டாக்டர்களை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் "கட்டிதான் போயிடுச்சே, அப்புறம் என்ன கவலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது கோபம் வருகிறது. ஒவ்வொரு வேளையும் தட்டு முன்னால் பயந்து உட்காரும் மனிதரை அவர்கள் பார்த்ததில்லை.

இரைப்பை இருந்தால் சாப்பிட்டதைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும். அது இல்லாதவர்களுக்கு எல்லாம் ஒரேயடியாகக் குடலில் இறங்கிவிடும். இனிப்பு என்றால் இன்னும் மோசம், ரத்தத்தில் இருக்கும் நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். 10 முதல் 30 நிமிடத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிற்றைக் கலக்கும். சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். டம்பிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா பாசமாக ஊற்றிய ஒரு கப் பாயசத்தில்தான் இது எங்களுக்குத் தெரியவந்தது. வராந்தாவில் அப்பாவைப் படுக்க வைத்து விசிறினோம். மாரடைப்பு என்றே நினைத்தேன்.

டிஸ்சார்ஜ் ஆனபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் 'மென்மையான உணவு' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஒரு நாளுக்கு ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, சாதத்தைக் குறைத்து முட்டை, பருப்பு, மீனைக் கூட்ட வேண்டும் என்பதையெல்லாம் பல மாதம் கழித்து வேறொரு உணவு ஆலோசகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதற்குள் அப்பா 11 கிலோ இறங்கிவிட்டார். பசியைத் தூண்டும் ஹார்மோனும் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறதாம். அதனால் அவருக்குப் பசியே தெரிவதில்லை, கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறார். பி12 சத்தும் சாப்பாட்டிலிருந்து உடம்பில் சேராது, ஆயுளுக்கும் ஊசிதான்.

வீட்டுக்கு அனுப்பும் முன் சமைக்கப்போகிறவரை உட்கார வைத்து அரை மணி நேரம் பேச ஒரு ஆள் வேண்டும். இதைவிட முக்கியமான மருந்துச்சீட்டு எனக்குத் தெரியவில்லை. செக்கப்புக்குப் போனால் ரத்தம், ஸ்கேன், எடை எல்லாம் பார்க்கிறார்கள். பிறர் முன்னால் சாப்பிடச் சங்கடமாக இருக்கிறதா, சாப்பிட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இரைப்பைப் புற்றுநோய்க்காரர்களிடம் கேட்பதற்கென்றே ஐரோப்பாவில் 22 கேள்விகள் தயாரித்து வைத்திருக்கிறார்கள், இவையும் அதில் உண்டு. அப்பாவிடம் நானே கேட்டேன். ஆபீஸில் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதை விட்டே ஒன்றரை வருடம் ஆகிறதாம். எனக்கே அன்றுதான் தெரியும்.

பெரியம்மா இப்போது வந்தால் அப்பா தட்டில் எதையும் அள்ளி வைப்பதில்லை. அப்பா ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டு முடிக்கிற அரை மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்.