திருத்தம் மட்டும் வந்தால் போதாது, காரணமும் கூடவே வரணும்

விமானத்தின் ஃபிளைட் மேனுவலில் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஒரு வரியை மாற்றினால், ஏன் மாற்றினோம் என்பதையும் அதே பக்கத்தில் ஒரு வாக்கியமாக அச்சடிக்க வேண்டும். புல்லட்டினிலும் கவரிங் லெட்டரிலும் காரணத்தைப் போட்டுவிட்டால் அது ஃபைலுக்குப் போய்விடும். பைலட் விரித்துப் பார்க்கிற பக்கத்திலேயே அது இருக்கணும். மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கமிருந்து பைலட் டிரெய்னிங்குக்கும் விமானப் பராமரிப்புப் படிப்புக்கும் போயிருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஃபிளைட் மேனுவல் என்பது விமானத்துக்கு டைப் சர்டிஃபிகேட் (அந்த ரகத்தின் வடிவமைப்புக்கான அங்கீகாரம்) கொடுக்கும்போதே அதிகாரிகள் அங்கீகரித்த ஆவணம். ஏடிஆர் விமானம் என்றால் ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ, போயிங் என்றால் அமெரிக்காவின் எஃப்ஏஏ, இவைதான் அந்த அதிகார அமைப்புகள். வால்பக்கம் ‘விடி’ என்று எழுதியிருக்கிற நம் நாட்டு விமானத்துக்கு, இந்தியாவின் விமானப் போக்குவரத்து அதிகார அமைப்பான டிஜிசிஏ கட்டாயமாக்குகிற மாற்றங்களும் அதில் ஏறியிருக்க வேண்டும். லிமிடேஷன்ஸ் என்கிற அத்தியாயம் சட்டம். அதை மீறிப் பறக்க யாருக்கும் உரிமை கிடையாது. உள்ளே எச்சரிக்கைகள் மூன்று படியில் இருக்கும். மீறினால் உயிர் போகலாம் என்பது வார்னிங். இயந்திரம் கெடலாம் என்பது காஷன். அதற்கும் கீழே, மனதில் வைத்துக்கொள் என்பது நோட். ஒரு தகவல் இந்த மூன்றில் எதில் போய் உட்காருகிறது என்பதே பாதி விஷயம்.

நம்ம மதுரை விமான நிலையத்தின் பெருங்குடி ரன்வேயில் வந்து இறங்குகிற ஏடிஆர் 72 ரகத்தையே எடுத்துக்கொள்வோம். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ரோஸ்லான் என்கிற ஊர்ப்பக்கம் ஒரு ஏடிஆர் 72 விழுந்து அதிலிருந்த 68 பேரும் இறந்தார்கள். சிகாகோவில் இறங்க முறை வரும்வரை வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்த விமானம் அது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் திரவமாகவே இருக்கிற பெரிய துளிகளுக்குள் சுற்றியது. இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் பூட் இருக்கும். அது காற்றால் உப்பி, படிந்த பனியை உடைத்துத் தள்ளும். ஆனால் பெரிய துளிகள் பூட்டைத் தாண்டிப் பின்னால் வழிந்து, பூட் எட்டாத இடத்தில் வரப்பு கட்டிவிட்டன. இறக்கையின் பின்விளிம்பிலிருந்து விரிகிற ஃபிளாப் 15 டிகிரியில் இருந்தது. கீழிறங்கும்போது ஃபிளாப்புக்கான வேக எச்சரிக்கை ஒலித்தது, ஃபிளாப்பை மடித்தார்கள். மடித்ததும் இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணம் கூடியது, வரப்புக்குப் பின்னால் காற்று பிய்ந்தது, விமானத்தை இடம் வலமாகச் சாய்க்கிற ஏலெரானைக் காற்றே ஒரு பக்கம் இழுத்தது, ஆட்டோபைலட் கழன்றது, விமானம் புரண்டது.

விசாரித்த அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, முதன்மைக் காரணங்களில் ஒன்றாக மேனுவலையே சுட்டியது. உறைமழையில் இந்த விமானத்தின் கட்டுப்பாடு எப்படி மாறும் என்று தயாரிப்பாளருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த விஷயங்கள், ஃபிளைட் மேனுவலிலும் பயிற்சியிலும் போதுமான அளவுக்குச் சேர்க்கப்படவில்லை என்பது அதன் முடிவு. அதன்பிறகு 1996-இல் எஃப்ஏஏ இந்த ரகத்துக்கும் வேறு பல டர்போபிராப் (டர்பைன் எஞ்சினால் புரொபெல்லர் சுற்றுகிற) ரகங்களுக்கும் மேனுவலைத் திருத்தச் சொல்லி உத்தரவு போட்டது. கடும் பனியை எந்தக் கண் அடையாளங்களால் கண்டுபிடிப்பது, ஆட்டோபைலட்டை எப்போது பயன்படுத்தக்கூடாது என்றெல்லாம் அதில் வந்தது. கூடவே முக்கியமான ஒரு வரி: ஃபிளாப் விரிந்திருந்தால், விமானத்தின் உடம்பிலிருந்து பனி விலகும்வரை மடிக்காதே.

இந்த வரியைக் காரணம் இல்லாமல் ஒரு புதுப் பைலட்டிடம் கொடுத்துப் பாருங்கள். பனியில் மாட்டிக்கொண்டால் நீட்டியதையெல்லாம் மடித்துவிட்டு வேகமாக வெளியேறணும் என்றுதான் அவர் மனது சொல்லும். மேனுவல் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. “மடித்தால் கோணம் கூடும், பூட்டுக்குப் பின்னால் பனி இருந்தால் ஏலெரான் பறிபோகலாம்” என்று பக்கத்திலேயே ஒரு வரி இருந்தால், நெருக்கடியில் கை அந்த லீவரைத் தொடாது.

மதுரையில் ஏதுப்பா பனி என்று கேட்பவர்களுக்கு: தரையில் கிடையாது. ஆனால் நம் தலைக்கு மேலே சுமார் 16,000 அடியைத் தாண்டினாலே வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஐப்பசி கார்த்திகை மேகத்துக்குள் அந்த உயரத்தில் போகிற எந்த டர்போபிராப்புக்கும் இந்தப் பக்கம் தேவைப்படும்.

அடுத்தது போயிங் 737 மேக்ஸ். 2018 அக்டோபர் 29 அன்று ஜாவா கடலில் லயன் ஏர் 610 விழுந்தது, 189 பேர் இறந்தார்கள். இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணத்தை அளக்கிற ஒரே ஒரு சென்சார் தப்பாகச் சொன்னதை நம்பி, எம்காஸ் என்கிற மென்பொருள் திரும்பத் திரும்ப மூக்கைக் கீழே அழுத்தியது. ஒவ்வொரு தடவையும் வாலில் படுக்கையாக இருக்கிற ஸ்டெபிலைசரை 2.5 டிகிரி வரை திருப்பும் சக்தி அதற்கு இருந்தது. அப்படி ஒரு அமைப்பு இருப்பதே பைலட்டுகளின் மேனுவலில் விளக்கப்படவில்லை. நவம்பர் 7 அன்று எஃப்ஏஏ அவசர உத்தரவு போட்டது: கிடைத்த 3 நாளுக்குள் ஃபிளைட் மேனுவலின் லிமிடேஷன்ஸ், செயல்முறை இரண்டு அத்தியாயங்களையும் திருத்தணும். வேகம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது, ஒன்பதே நாளில் திருத்தம் வந்துவிட்டது.

ஆனால் அந்த உத்தரவில் எம்காஸ் என்கிற பெயரே இல்லை. என்ன செய்யணும் என்று இருந்தது: ஆட்டோபைலட்டை எடு, கையிலிருக்கிற கண்ட்ரோல் தண்டாலும் எலெக்ட்ரிக் டிரிம்மாலும் (ஸ்டெபிலைசரை மோட்டாரால் திருப்புகிற வசதி) சமாளி, அப்படியும் அடங்காவிட்டால் அந்த மோட்டாரை அணைக்கிற ஸ்டெபிலைசர் டிரிம் கட்-அவுட் சுவிட்சுகளை ‘கட்-அவுட்’டில் போடு, அதன்பின் டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்று. இதிலே உயிர்நாடியான வரி எங்கே இருந்தது தெரியுமா? சுவிட்சை அணைக்கும் முன்னால் எலெக்ட்ரிக் டிரிம்மால் கண்ட்ரோல் தண்டின் பாரத்தைச் சமன் செய்துகொள்ளலாம் என்கிற தகவல், செயல்முறைப் படிகளுக்கு வெளியே, ஒரு நோட்டாக இருந்தது. முதலில் சமன் செய்யாமல் அணைத்தால் என்ன ஆகும், ஏன் முதலில் சமன் செய்யணும் என்பதை அங்கே விளக்கவில்லை.

2019 மார்ச் 10, அதே மேக்ஸ் ரகம், எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302. பைலட்டுகள் கட்-அவுட் சுவிட்சைப் போடத்தான் செய்தார்கள். ஆனால் அப்போது மூக்கு கீழ்நோக்கிய டிரிம்மில் இருந்தது. டேக்-ஆஃப் பவர் குறைக்கப்படாமல் வேகமும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் வாலில் விழுகிற காற்றின் அழுத்தத்துக்கு எதிராகச் சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. 157 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. அடிப்படைத் தவறு வடிவமைப்பில்தான், அதைப் பைலட் தலையில் கட்டுவது அநியாயம். என் ஆதங்கம் அந்த ஒரு வரியின் மேல். “முதலில் சமன் செய், பிறகு அணை, வேகம் ஏறினால் சக்கரம் சுற்றாது” என்று அது வார்னிங் கட்டத்துக்குள், படி எண்ணோடு நின்றிருக்க வேண்டியது.

இதே விமானத்தில் இன்னொன்றும் உண்டு. இரண்டு கோண சென்சார்களும் ஒத்துப்போகாதபோது எரிய வேண்டிய எச்சரிக்கை, எல்லா மேக்ஸிலும் வேலை செய்யும் என்றுதான் ஆவணங்கள் சொல்லின. உண்மையில், கூடுதல் விலைக்கு விற்ற ஒரு இண்டிகேட்டரை வாங்கிய விமானங்களில் மட்டுமே அது வேலை செய்தது. தயாரிப்பாளருக்கு இது 2017-லேயே தெரியும். தெரிந்த நாளன்றே மேனுவலில் ஒரு மஞ்சள் தாள் போயிருக்க வேண்டாமா?

மஞ்சள் தாள் என்றேனே, அதுதான் டெம்பரரி ரிவிஷன். முழு ரிவிஷன் வரும்வரை காத்திருக்க முடியாத திருத்தம் தனித் தாளாக வரும், வழக்கமாக மஞ்சள் நிறத்தில். திருத்தப்படுகிற பக்கத்துக்கு நேர் எதிரே, இரண்டும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரிச் செருகணும். பழைய பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. மஞ்சள் தாள் அதன் ஒரு பத்தியை மட்டும்தான் மாற்றியிருக்கும், மிச்சம் எல்லாம் செல்லும். அடுத்த முழு ரிவிஷன் வந்ததும் அவசரப்பட்டு மஞ்சள் தாளை உருவுகிறவர்கள் உண்டு. அந்த ரிவிஷன் இந்த டெம்பரரி நம்பரை உள்ளே சேர்த்துக்கொண்டதா என்று பட்டியலைப் பார்த்த பிறகே உருவணும். சேர்க்காமல் வருகிற ரிவிஷனும் உண்டு. அப்போது உருவிவிட்டால் திருத்தம் காற்றில் போச்சு, பழைய தப்பான வரி மறுபடி ஆட்சிக்கு வந்துவிடும். ஏன் திருத்தினார்கள் என்று தாளிலேயே இருந்தால், உருவப் போகிற கை ஒரு நிமிஷம் நிற்கும்.

சாதாரண ரிவிஷன் ஏற்றும்போது முதல் வேலை, அது நம் விமானத்துக்கானதா என்று பார்ப்பது. மாடல் பெயர் மட்டும் பார்த்தால் பத்தாது. சீரியல் நம்பர் எந்த வரிசைக்குள் வருகிறது, எந்த மாடிஃபிகேஷன் செய்த விமானத்துக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கணும். ஒரே பக்க எண்ணில் இரண்டு வகை இருக்கலாம். பிறகு பழைய பக்கத்தை எடுத்து, புதியதை வைத்து, ரிவிஷன் பதிவேட்டில் எண், தேதி, கையெழுத்து. இதோடு முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். முடியவில்லை. செல்லுபடியாகும் பக்கங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் இருக்கிற தேதியோடு ஒப்பிடணும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தது, முன்பக்கம் மாறிப் பின்பக்கம் மாறாதது, வேண்டுமென்றே வெறுமையாக விட்ட பக்கத்தைக் குப்பையில் போட்டது எல்லாம் அங்கேதான் பிடிபடும். இன்னொரு ஜிபிஎஸ்ஸோ வேறு கருவியோ பின்னால் பொருத்தியிருந்தால் அதற்கான சப்ளிமெண்ட் தனியாகக் கடைசியில் இருக்கும். மூல மேனுவலோடு அது முரண்பட்டால் சப்ளிமெண்ட் சொல்வதே செல்லும். அதையும் திறந்து பார்க்கணும். கடைசியாக, எத்தனை பிரதி இருக்கிறது என்ற கணக்கு: விமானத்தில், நூலகத்தில், டிஸ்பேட்சில், காக்பிட் டேப்லெட்டில், க்விக் ரெஃபரென்ஸ் புத்தகத்தில். டேப்லெட் சிங்க் ஆகாமல் பழைய பதிப்பையே காட்டிக்கொண்டிருந்தால், நூலகத்தில் எவ்வளவு சுத்தமாக ஏற்றியும் பயனில்லை.

பயிற்சி மாணவர்களின் கையில் இருக்கிற பிரதிகள்தான் எனக்குப் பெரிய கவலை. வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறார்கள். கறுப்பு-வெள்ளையில் மஞ்சள் தாளும் வெள்ளையாகிவிடும். மாற்றம் எங்கே என்று காட்டும் ஓரத்துக் கறுப்புக் கோடு ஸ்பைரல் துளைக்குள் போய்விடும். எந்த வருஷ மாடலுக்கான மேனுவல் என்பதே பலருக்குத் தெரியாது. பழைய செஸ்னா 172 மேனுவல்களில் வேகம் மணிக்கு மைலில் இருக்கும், பிந்தையவற்றில் ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல் மைல்) என்கிற அலகில். 61 நாட் என்று இருக்க வேண்டியதை 61 மைல் என்று எடுத்துக்கொண்டால் உண்மையில் 53 நாட்தான் பறக்கிறீர்கள், இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற ஸ்டாலுக்குப் பக்கத்தில்.

காரணம் தெரிந்திருந்தால் அச்சுப் பிழையைக்கூட பைலட்டே பிடித்துவிடுவார். செஸ்னா 172எஸ் டேக்-ஆஃப் அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு உண்டு: எதிர்க்காற்று ஒவ்வொரு 9 நாட்டுக்கும் தூரத்தில் 10 சதவீதம் கழி, பின்காற்று 10 நாட் வரை, ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 சதவீதம் கூட்டு. ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரை ரன்வே கிழக்கு மேற்காக, 09/27. 10 நாட் மேற்குக் காற்றில் கிழக்கு நோக்கி ஓடினால் தூரம் 50 சதவீதம் கூடும். யாரோ தட்டச்சு செய்யும்போது அந்த 2, 9 ஆகிவிட்டால்? 11 சதவீதம் என்றுதான் கணக்கு வரும். எதிர்க்காற்றின் ஆதாயத்தைக் குறைத்தும் பின்காற்றின் நஷ்டத்தைக் கூட்டியும் எண்ணுவதே இந்தக் குறிப்பின் நோக்கம் என்று தெரிந்தவர், இரண்டு இடத்திலும் 9 இருப்பதைப் பார்த்ததும் “இது சரியில்லையே” என்று நிமிர்வார். தெரியாதவர் 11-ஐக் கூட்டிவிட்டுப் போவார். மதுரை ரன்வே 2,285 மீட்டர் என்பதால் சின்ன விமானம் பிழைத்துக்கொள்ளும். குட்டை ரன்வேயில் பிழைக்காது.

அதே அட்டவணை 40 டிகிரியோடு நின்றுவிடுகிறது. சித்திரை வைகாசியில் நம் ஊர் அதைத் தாண்டுகிற நாட்கள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிற மதுரையில், 40 டிகிரி வெயிலில் விமானம் காற்றை உணர்வது சுமார் 3,500 அடி உயரத்தில் இருப்பதுபோல. அட்டவணைக்கு வெளியே குத்துமதிப்பாக நீட்டிக் கணக்குப் போடக்கூடாது, வெயில் தாழ்ந்த பிறகு பறக்கணும். இந்த இரண்டு வரியும் எல்லா வெப்பநாட்டு மேனுவலிலும் அட்டவணைக்கு அடியிலேயே இருக்கணும் என்பது என் ஆசை.

காரணம் எழுதினால் மேனுவல் தடித்துவிடும் என்கிறார்கள். நெருக்கடி செக்லிஸ்ட்டுக்குள் எழுதச் சொல்லவில்லை. அது குட்டையாகத்தான் இருக்கணும். விரிவான செயல்முறைப் பக்கத்தில், திருத்திய பத்திக்குக் கீழே ஒரு வரி கேட்கிறேன். காரணத்தை எழுதினால் பழைய தவறை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்தில் ஆகிவிடும் என்ற பயம்தான் இதைவிடப் பெரிய தடை என்று நினைக்கிறேன். அந்தப் பயத்துக்குப் பயணிகள் விலை கொடுக்கக்கூடாது. தயாரிப்பாளர் மறுத்தாலும், திருத்தத்தைக் கட்டாயமாக்குகிற அதிகாரிகள் “காரணத்தோடு ஏற்று” என்று உத்தரவிலேயே போடலாம்.

படிக்கிற பிள்ளைகளுக்கு: மேனுவலில் தப்பு கண்ணில் பட்டால் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள், அங்கீகரித்த பக்கத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. எழுத்தில் தெரிவியுங்கள். மேனுவலின் எண், ரிவிஷன் எண், பக்கம், பக்கத்து அடியில் உள்ள தேதி, விமானத்தின் சீரியல் நம்பர் ஐந்தும் கட்டாயம். அந்த வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். எந்தப் பக்கத்தோடு அது முரண்படுகிறது, அதை நம்பிப் பறந்தால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். போட்டோ எடுத்தால் பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்படாமல் எடுங்கள். உங்கள் பயிற்சி நிறுவனத்தின் சேஃப்டி மேனேஜரிடம் கொடுத்து, தயாரிப்பாளருக்குப் போனதற்கான நகலைக் கேட்டு வாங்குங்கள். பதில் வரும்வரை அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடாமல், எந்தப் பக்கம் கூடுதல் பாதுகாப்போ அதை வைத்துப் போடுங்கள். அன்றைக்கு உங்களோடு பறக்கிற இன்ஸ்ட்ரக்டரிடமும் பறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.