“ஒண்ணுமே இல்லப்பா”

போன வியாழக்கிழமை இரவு ஏழு மணி இருக்கும். மகன் ஃப்ரிட்ஜைத் திறந்தான், மேலிருந்து கீழே வரை ஒரு பார்வை பார்த்தான், மூடினான். “ஒண்ணுமே இல்லப்பா. ஆர்டர் பண்ணிடலாமா?”

நான் எழுந்துபோய் மறுபடியும் திறந்தேன். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மதியம் மிஞ்சி, டப்பாவில் போட்டு வைத்திருந்த சாதம். வெட்டிய ஓரம் கறுத்துப்போன பாதி முட்டைக்கோஸ். வளைத்தால் வளைகிற மூன்று கேரட். தொட்டால் அமுங்குகிற இரண்டு தக்காளி. நான்கு முட்டை. அரை எலுமிச்சை. அலமாரியிலிருந்து வெங்காயம், உருளைக்கிழங்கு, பாட்டிலின் அடியில் ஒரு கைப்பிடி பருப்பு. எல்லாம் வைத்து முடித்தபோது மேசையில் பாதி நிறைந்துவிட்டது. “இதுதான் ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் கேரட்டை எடுத்து வளைத்துப் பார்த்தான்.

அவன் பொய் சொல்லவில்லை, அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். அவன் தேடியது ஒரு பதார்த்தத்தை. பெயருள்ள, படத்தில் பார்த்த, முழுதான ஏதோ ஒன்றை. அது அங்கே இல்லை. பொருள்கள் இருந்தன. பொருளிலிருந்து சாப்பாட்டை யோசிக்க அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய எனக்கே சில வருடங்களுக்கு முன்புவரை அது தெரியாது.

அப்போது மனைவி வேலை விஷயமாக மூன்று வாரம் வெளியூர் போயிருந்தார். எனக்குச் சமைக்கத் தெரியும், விடுமுறை நாட்களில் நன்றாகவே சமைப்பேன். அதனால் கவலைப்படவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு செய்முறை தேடுவேன், அதற்கு வேண்டியதை வாங்கி வருவேன், சமைப்பேன். செய்முறையில் இரண்டு கொத்து கீரை கேட்டிருக்கும், வாங்கும்போது ஒரு கட்டு வரும். மறுநாள் வேறு செய்முறை, வேறு கட்டு. இரண்டாவது வாரக் கடைசியில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை இழுத்தேன். அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி, கீரையெல்லாம் கூழாகிக் கிடந்தது. வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நல்ல கீரை, காசு கொடுத்து வாங்கியது, யாரோ பயிரிட்டது. அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். மனது மிகவும் கஷ்டப்பட்டது. எனக்குப் பத்துப் பதார்த்தம் செய்யத் தெரியும், நான்கு பேர் இருக்கும் வீட்டுக்குத் தினமும் இரவுச் சாப்பாடு போடத் தெரியாது. இரண்டும் வேறு வேறு வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மனைவி செய்வது அந்த இரண்டாவது வேலை. எந்த டப்பாவில் எவ்வளவு இருக்கிறது, எது நாளை வரை தாங்கும், எது இன்றைக்கே போக வேண்டும் என்ற கணக்கு அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆபீஸில் இருக்கும்போதும் ஓடும். அந்தக் கணக்கை நாங்கள் யாரும் வேலை என்றே நினைத்ததில்லை. “இன்னிக்கு என்ன சமையல்?” என்று நானும் பிள்ளைகளும் கேட்போம். அந்தக் கேள்வியே தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எப்போதும் ஒரே ஆள்தான். “என்ன இருக்கு?” என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம், பத்து வயதுப் பிள்ளைகூட.

வீணாவது நம் வீட்டு விஷயம் மட்டும்தானே என்று இருந்துவிட முடியாது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 63 கோடி டன்னுக்கு மேல், அதாவது நூற்றுக்கு 60 பங்கு, வீடுகளிலிருந்து போனது. ஹோட்டல்களும் விருந்துகளும்தான் கொட்டுகின்றன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைகள், உணவகங்கள் எல்லாம் சேர்ந்தாலும் வீட்டு அடுப்படிக்குப் பின்னால்தான் நிற்கின்றன. என் கீழ்த்தட்டுக் கீரையும் இந்த மாதிரிக் கணக்கில்தான் சேரும்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். மேசையில் பரப்பியதும் நான் முதலில் பார்ப்பது, எது இன்றைக்குத் தாண்டாது என்பதை. தக்காளி தாண்டாது. சாதமும் இன்றே தீர வேண்டும். முட்டைக்கோஸ் இன்னும் இரண்டு நாள் தாங்கும், ஆனால் வெட்டிவிட்டதால் கொஞ்சம் எடுக்கலாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு மூன்றும் அவசரமில்லாதவை. இந்த வரிசை பிடிபட்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. அப்புறம், வயிற்றை நிரப்ப என்ன இருக்கிறது, தெம்புக்கு என்ன இருக்கிறது, நாக்குக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். சாதம், முட்டை, தக்காளியோடு எலுமிச்சை. போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இருப்பதை வைத்துச் சமைப்பது என்றால், இருப்பதையெல்லாம் ஒரே சட்டியில் கொட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்துதான் பிள்ளைகளுக்கு மிச்சம் மீதி என்றாலே முகம் சுளிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். ஏழு காய் சேர்ந்தால் எந்தக் காயின் ருசியும் நாக்கில் நிற்காது. நான் உருளைக்கிழங்கையும் பருப்பையும் திரும்ப அலமாரியில் வைத்தேன். அவை வெள்ளிக்கிழமைக்கு.

கெட்டுப்போனதைச் சேர்ப்பதும் சிக்கனம் ஆகாது. இதில் நான் மிகவும் கறாராக இருப்பேன். சாதத்தைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை போன்ற வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சாதம் வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. அதனால் சூடு தணிந்ததும், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குள் போன சாதம் மட்டும்தான் எங்கள் வீட்டில் இரவுக்கு வரும். ரொட்டியில் பூஞ்சை ஒரு மூலையில் தெரிந்தால் முழு ரொட்டியும் வெளியே. மென்மையான பண்டங்களில் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கேரட், முட்டைக்கோஸ் மாதிரிக் கெட்டியான காய் என்றால் பூஞ்சை பிடித்த இடத்தைச் சுற்றி ஒரு அங்குலம் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடுக்கலாம். உருளைக்கிழங்கு நன்றாகப் பச்சை பாய்ந்திருந்தால் வேண்டாம். லேசாக முளை மட்டும் விட்டிருந்தால் அதைத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

துவண்ட கேரட் கெட்ட கேரட் இல்லை. உள்ளே தண்ணீர் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான். மகளைக் கூப்பிட்டு, தோல் சீவி நீளவாட்டில் வெட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போடச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்து வளைத்தாள். ‘டக்’ என்று உடைந்தது. ஓடிப்போய் அண்ணனிடம் காட்டினாள். அவன் வந்து இன்னொன்றை உடைத்தான். அப்புறம் அவன் அடுப்படியை விட்டுப் போகவில்லை.

முட்டைக்கோஸின் கறுத்த ஓரம் காற்று பட்டதால் வந்தது, மெல்லிய சீவலாக ஒரு வெட்டு வெட்டினால் கீழே வெள்ளை வெளேர் என்று இருக்கும். அதை மகன் செய்தான். நூல் மாதிரி அரியச் சொன்னேன், அவன் விரல் பருமனுக்கு அரிந்தான், பரவாயில்லை.

அவசரச் சமையலில் நான் வெகுநாள் செய்த தவறு, எல்லாக் காயையும் ஒரேயடியாகச் சட்டியில் போடுவது. நேரம் மிச்சமாகும் என்று நினைப்பேன். ஆனால் குவியலாகப் போட்டால் காய் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீர் வற்றும் வரை சட்டியின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது, காய் வதங்காமல் அவியும். காய் சிவந்து அந்த மணம் வர 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். ஆகவே முதலில் முட்டைக்கோஸைப் பாதி, நல்ல தீயில், பரப்பிப் போட்டு, கிளறாமல் ஒரு நிமிடம் விட்டேன். ஓரங்கள் பழுப்பேறின. எடுத்து வைத்துவிட்டு மீதி. அப்புறம் கேரட். உப்பு கடைசியில், முதலிலேயே போட்டால் அதுவும் தண்ணீரை இழுத்துவிடும். இரண்டு தடவையாக வதக்கியதில் கூடுதலாக ஐந்து நிமிடம்தான் ஆனது. ருசியில் அவ்வளவு வித்தியாசம்.

வெங்காயம் வதங்கியதும் அந்தத் தளர்ந்த தக்காளிகள். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பைச் சிலர் வழித்துப் போட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள். 1908இல் கிக்குனே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்து, அது தரும் ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதே குளூட்டமேட் தக்காளியில் இயற்கையாகவே இருக்கிறது, சதையைவிட அந்த வழவழப்பில் அதிகம். நன்றாகப் பழுத்த தக்காளியில் இன்னும் அதிகம். இறைச்சியோ வேறு எதுவுமோ இல்லாத நாளில் சாப்பாட்டுக்கு ஒரு கனம் கொடுப்பது அதுதான். எண்ணெய் பிரியும் வரை பொறுமையாகச் சுருள விட்டேன்.

பிறகு சாதம். குளிர்ந்து போன சாதத்தைப் பார்த்து மகன் தயங்கினான், புதிதாக வைத்துவிடலாமே என்றான். இதற்குப் பழையதுதான் நல்லது என்று சொன்னேன். ஆறும்போது மாவுச்சத்து இறுகி மணிகள் கெட்டியாகின்றன. சட்டியில் கிளறும்போது உதிரியாக நிற்கும். சூடான சாதம் ஒட்டிக்கொண்டு பசையாகிவிடும். கையாலேயே கட்டிகளை உதிர்த்துப் போடச் சொன்னேன். ஆவி பறக்கும் வரை சூடேற்றி, காய்களைச் சேர்த்து, ஓரமாக ஒதுக்கி, நடுவில் முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறி, மிளகைப் பொடித்துத் தூவினேன். அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சை, சூட்டில் பிழிந்தால் வாசனை போய்விடும். நான்கு முட்டை, நான்கு பேர். ஆளுக்கு ஒரு முட்டையாக அவித்து வைத்திருந்தால் குறைவாகத் தெரிந்திருக்கும், கலந்ததில் நிறைவாக இருந்தது.

“உப்பு எவ்வளவுப்பா?” என்று மகள் கேட்டாள். அளவு கிடையாது என்றேன். செய்முறை இல்லாத சமையலில் நாக்குதான் அளவுகோல். கொஞ்சம் போடு, ருசி பார், மறுபடி கொஞ்சம் போடு. கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள், அதை நம்ப வேண்டாம். கிழங்கு கொஞ்சம் குழம்பை உறிஞ்சும், மீதிக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத எதையாவது சேர்த்துப் பெருக்குவதுதான் ஒரே வழி.

ஒரு பொருள் இல்லையென்றால் அதன் பெயரைத் தேடாமல், அது அந்தச் சமையலில் என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். எலுமிச்சை இல்லையா, புளிப்புதானே வேண்டும், தயிர் இருக்கிறதா, வினிகர் இருக்கிறதா, இன்னொரு தக்காளி இருக்கிறதா? தயிர் என்றால் அடுப்பை அணைத்த பின் சேர்க்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். பருப்போடு புளிப்பு என்றால் பருப்பு வெந்த பிறகுதான். ஒருமுறை பருப்பையும் தக்காளியையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் ஆகியும் பருப்பு மசியாமல் எல்லோரும் பசியோடு காத்திருந்தோம். புளிப்பு பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும், அதனால் வேகத் தாமதமாகும். இப்படிப்பட்ட நாலைந்து விஷயம் தெரிந்தால் போதும், எந்தச் செய்முறையும் இல்லாமல் கை தைரியமாகப் போகும்.

களைத்து வருகிற நாளில் ஆர்டர் செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்களும் செய்கிறோம். வீட்டில் உண்மையிலேயே ஒன்றும் இல்லாத குடும்பங்களிடம் போய் இருப்பதை வைத்துச் சமையுங்கள் என்று சொல்வதும் நியாயமில்லை. அவர்களுக்கு அது தினப்பாடு, இந்தக் கலையை நம் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான். நான் சொல்வது மேசை நிறைய இருந்தும் ஒன்றுமில்லை என்று மூடுகிற எங்களைப் போன்ற வீடுகளுக்கு.

இன்னொன்றும் உண்டு. இது சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்குகிற வேலை இல்லை, பொருள் வாங்குகிற அன்றே தொடங்கிவிடுகிறது. கெடாத தானியம், பருப்பு, முட்டை, வெங்காயம், ஏதாவது ஒரு புளிப்பு, இவை தீருவதற்கு முன்பே வாங்கி வைத்தால், மீதிக் காய் எது இருந்தாலும் சமாளிக்கலாம். எங்கள் வீட்டில் இந்த ஐந்தையும் கவனிப்பது இப்போது என் பொறுப்பு.

எட்டரைக்கு மனைவி வந்தார். பையை வைத்துவிட்டு நேராக ஃப்ரிட்ஜிடம் போய், “தக்காளி ரெண்டு இருந்துச்சே, நாளைக்குத் தாங்காதே” என்றார். “அது சட்டியில இருக்கும்மா” என்றான் மகன். அவர் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இதற்குப் பேர் என்ன என்று கேட்டார். பேர் இல்லை என்றோம். சட்டி காலியாகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் மகள் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். முட்டைக்கோஸ் கொஞ்சம். கேரட் ஒண்ணு, வெட்டினது, தண்ணியில இருக்கு. உருளைக்கிழங்கு ரெண்டு. பருப்பு ஒரு கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீடு வருவதற்குள் மகன் அதில் பருப்பையும் உருளைக்கிழங்கையும் வட்டமிட்டு வைத்திருந்தான்.