உண்மை பேசியதற்கு முட்டி போட்ட பிள்ளை

ஒரு பள்ளியின் நன்னெறி வகுப்பில் எடுத்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் புகைப்படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நன்னெறி வகுப்பில் உங்களுக்கு என்ன கடுப்பு?" என்று இன்பாக்ஸில் நாலு பேர் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

எனக்கு நன்னெறி மேல் கடுப்பில்லை. படத்தில், சுவரில் 'உண்மை பேசு' என்று பெரிய எழுத்து. அதற்கு நேர் கீழே, வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று ஒப்புக்கொண்ட பிள்ளை முட்டி போட்டிருக்கிறது. "நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன்" என்றவர்கள் உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் எந்தப் பாடம் நடந்தது?

இது இன்று நேற்றுக் கேள்வியும் இல்லை. 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஓரிடத்தில் காப்பியடித்த பிள்ளை இன்னோரிடத்தில் யோக்கியமாக இருந்தது. மாட்டிக்கொள்வோமா, கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்து நேர்மை மாறியது. ஒழுக்க போதனை கேட்டதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2010-ல் அந்நாட்டுக் கல்வித்துறை 7 நற்பண்புத் திட்டங்களை 84 பள்ளிகளில் சோதித்து வெளியிட்ட அறிக்கையிலும், சராசரியாகப் பார்த்தால் முன்னேற்றம் இல்லை.

"2011-ல் 213 ஆய்வுகளைத் தொகுத்துப் பலன் உண்டு என்றார்களே?" என்று ஒரு நண்பர். உண்டு, மறுக்கவில்லை. கோபத்தைக் கையாள்வது, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது போன்றவற்றைப் பயிற்சியாகச் செய்ய வைத்த திட்டங்கள் அவை. சுவரில் எழுதிவிட்டுக் கீழே முட்டி போட வைப்பது அந்தக் கணக்கில் வராது, சாமி.

ஏழாம் வகுப்பில் நானும் ஒருவனும் ஜன்னல் கண்ணாடியை உடைத்தோம். முந்தின நாள்தான் நீதிபோதனை பீரியடில் வாய்மையைப் பற்றிக் கேட்டிருந்தேன். அந்தச் சூட்டில் போய் ஒப்புக்கொண்டேன். ஸ்கேலின் விளிம்பால் முட்டியில் ஆறு அடி. அவன் வாயே திறக்கவில்லை. ஆண்டு விழாவில் நன்னடத்தைப் பரிசு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? நான்தான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்படியானால் ஒழுக்கமே சொல்லித் தரக் கூடாதா?" இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தரலாம். எங்கள் அறிவியல் டீச்சர் ஒருநாள் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். லேட்டாக வரும் பிள்ளைகள் பெயரெழுதும் நோட்டைக் கேட்டு வாங்கி, தன் பெயரைச் சிவப்பு மையில் எழுதினார். அப்புறம் பாடம் எடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்மை பற்றி அந்த நீதிபோதனை பீரியடில் என்ன சொன்னார்கள் என்பதில் ஒரு வரிகூட இன்று ஞாபகமில்லை. அந்தச் சிவப்பு மை ஞாபகமிருக்கிறது.

ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்பீர்கள். மேலேயிருந்து சுற்றறிக்கை வருகிறது, படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள்? சரி. முட்டி போடச் சொல்லியுமா சுற்றறிக்கை வந்தது?

என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள். இரக்கத்தைப் பற்றிப் பத்து வரி எழுதி அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் மட்டும் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பிள்ளையின் முகம் அப்படியே தெரிகிறது.