வீட்டுக்கு வந்த பிள்ளை

(நியூஜெர்சிப் பூங்கா. பேரனின் பேஸ்பால் ஆட்டம்.)

அம்மா: ஹோம் என்றால் வீடுதானே?

மகன்: ஆமாம்மா. பேஸ் என்கிற மூன்று இடங்களையும் வரிசையாகத் தொட்டு, கிளம்பிய இடமான ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன்.

அம்மா: நம்ம பிள்ளை வீட்டுக்கு வந்தானா, இல்லையா?

மகன்: வந்தான். ஆனால் ரன் கிடையாது. ஏற்கெனவே இரண்டு அவுட். முதல் பேஸில் நின்றானே, லேஸ் கட்டாத பையன், அவன் இரண்டாவது பேஸுக்குப் போவதற்குள் பந்து அங்கே போய்விட்டது. மூன்றாவது அவுட், நம்ம முறை முடிந்தது.

அம்மா: அதற்கு முன்னாடியே நம்ம பிள்ளை வந்துவிட்டானே!

மகன்: முன்னாடி வந்தாலும் செல்லாது. அது ஃபோர்ஸ் அவுட். பந்தை அடித்தவன் முதல் பேஸுக்கு ஓடி வருகிறான், அதனால் அந்த லேஸ் பையன் இடத்தைக் காலி செய்தே தீர வேண்டும்.

அம்மா: உன் பெரியப்பா பில் கட்டாததற்கு நம்ம போர்ஷனில் கரண்டைப் பிடுங்கினார்களே, அந்த மாதிரியா?

மகன்: (யோசித்து) அதேதான். ஆனால் கட்டாயம் எதுவும் இல்லாமல் ஓடியவனைப் பந்தோடு தொட்டு அவுட்டாக்கினால் கதை வேறு. தொடுவதற்கு முன் நம்மவன் வந்துவிட்டால் ரன் உண்டு.

அம்மா: கட்டாயத்துக்கு ஓடினால் இல்லை, ஆசைப்பட்டு ஓடினால் உண்டு. நல்ல ஊர். வீட்டுக்கு வந்த பிள்ளையை வரவில்லை என்று எழுதுகிறார்கள்.

மகன்: 1908-லேயே இது நடந்திருக்கிறதும்மா. நியூயார்க் ஜயன்ட்ஸ், சிகாகோ கப்ஸ். கடைசி இன்னிங்ஸ், 1-1, இரண்டு அவுட். ஜயன்ட்ஸ் ஆள் ஒருத்தர் அடித்தார், மூன்றாவது பேஸில் இருந்தவர் ஹோமுக்கு வந்துவிட்டார். ஜெயித்தாச்சென்று கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. முதல் பேஸில் இருந்த மெர்க்கல் இரண்டாவது பேஸைத் தொடாமலே கிளம்பிவிட்டார். கப்ஸ் ஆள் எவர்ஸ் ஒரு பந்தோடு போய் அந்த பேஸில் நின்றார். இதே ஃபோர்ஸ் அவுட்தான். ரன் போச்சு, ஆட்டம் டிரா. அப்புறம் மறுபடி ஆடி, கப்ஸ் 4-2.

அம்மா: அந்தப் பிள்ளைக்கு என்ன வயது?

மகன்: 19. கடைசிவரை மரமண்டை என்ற பெயர் அவரை விடவில்லை.

அம்மா: வீட்டுக்கு வந்தவர் பெயர்?

மகன்: இரு... (கைபேசியைத் தடவுகிறார்) மெக்கார்மிக்.

அம்மா: பார்த்தாயா, வந்தவன் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. சரி, இந்த அம்பயர் பையனுக்கு என்ன வயதிருக்கும்?

மகன்: பதினைந்து இருக்கலாம்.

அம்மா: மீசைகூட முளைக்கவில்லை. அவனுக்கு இந்த ரூல் தெரிந்திருந்ததா?

மகன்: தெரிந்திருந்தது.

அம்மா: உனக்கு?

மகன்: ...இப்போதுதான் பார்த்தேன்.

அம்மா: வேலியைப் பிடித்துக்கொண்டு "கண்ணு தெரியலையா" என்று கத்தியது யார்?

மகன்: வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது, இல்லையாம்மா?

அம்மா: ஆமாம். பையில் மோர் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடு.

மகன்: நம்ம பிள்ளைக்கா?

அம்மா: அம்பயருக்கு. நம்ம பிள்ளைதான் இன்னும் வீட்டுக்கே வரவில்லையே.