பெங்களூரில் பீருக்கு ஒரு கடை, சாப்பாட்டுக்கு வேறு கடை

பெங்களூருக்குக் கிளம்பும் நண்பர்கள் பலரும் முந்தைய நாள் இரவு ஒரு மெசேஜ் அனுப்புவார்கள்: "நல்ல கிராஃப்ட் பீரும் (பெரிய ஆலை இல்லாம சின்ன அளவுல காய்ச்சுறது) நல்ல சாப்பாடும் ஒரே இடத்துல கிடைக்கிற மாதிரி ஒரு கடை சொல்லுங்க." நான் எப்போதும் இரண்டு பெயர்களைத்தான் அனுப்புகிறேன். பீருக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் தேடினால் சாப்பாடு சுமாராகத்தான் அமையும் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். குடிக்காதவர்கள் நடுவில் வரும் சாப்பாட்டு விஷயத்தை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பீர். அந்த ஊருக்கும் பீருக்கும் உள்ள உறவு இப்போது வந்ததல்ல. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் ஊர் அது. தென்னிந்தியாவில் இருந்த ஐந்து சின்ன மது ஆலைகளைச் சேர்த்து 1915இல் உருவான யுனைடெட் பிரூவரீஸ்தான் பின்னாளில் கிங்ஃபிஷரைக் கொடுத்தது. அதன் தலைவராக இருந்த விட்டல் மல்லையாவின் பெயரில் ஊர் நடுவே ஒரு சாலையே இருக்கிறது. சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் பெக்கோஸ் மாதிரியான பப்கள் 80களின் கடைசியிலேயே வந்துவிட்டன. ஆனால் அங்கெல்லாம் ஊற்றியது ஆலையிலிருந்து வந்த லாகர் என்கிற வழக்கமான பீர்தான். கடைக்குள்ளேயே காய்ச்சி ஊற்றும் மைக்ரோபிரூவரிகள் 2010ஐ ஒட்டித்தான் ஆரம்பித்தன. இந்திராநகர் 100 அடி சாலையில் டாய்ட் அந்த ஆண்டு வந்தது. 2012இல் மெக்ராத் ரோட்டில் ஆர்பர், ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ். அதற்குப் பிறகு வந்தவற்றை எண்ணி முடியாது.

பாட்டில் பீரை வடிகட்டி, சூடுபடுத்தி, மாதக்கணக்கில் கெடாமல் லாரியிலும் குடோனிலும் கிடக்கும்படி செய்கிறார்கள். பிரூபப்பில், அதாவது இப்படிக் கடைக்குள்ளேயே காய்ச்சும் பப்பில், கிடைப்பது பெரும்பாலும் வடிகட்டாத, சூடுபடுத்தாத பீர். பின்னால் தெரிகிற டாங்கிலிருந்து நேராக உங்கள் கிளாசுக்கு வருகிறது. அதனால் கடைக்குப் போனதும் நான் மெனுவைப் பிரிக்கும் முன் கேட்பது ஒன்றுதான்: "இப்ப புதுசா டாங்க் மாத்தினது எது?" இதற்கு உடனே பதில் சொல்கிற ஆள் இருக்கும் கடையில் நம்பி உட்காரலாம். "எல்லாமே ஃப்ரெஷ் சார்" என்று சிரிக்கிற கடையில் ஒரு கிளாசோடு எழுந்துவிடுவேன்.

ஒயிட்ஃபீல்ட் பக்கம் பிரம்மாண்டமான ஓர் இடம். பெயர் வேண்டாம். பலகையில் எட்டு வகை பீர் எழுதியிருந்தது. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று வந்து, கடைசியில் மூன்றுதான் மிஞ்சியது. அந்த மூன்றில் ஒன்று பாப்கார்ன் வெண்ணெய் வாசம் அடித்தது. பீரில் அந்த வாசம் வந்தால், சரியாக முற்றுவதற்குள் டாங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றோ, பீர் வருகிற குழாயைக் கழுவவில்லை என்றோ பொருள். காடி மாதிரி புளித்தால் சந்தேகம் முதலில் குழாய் மேல்தான் போக வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் பழைய சரக்கு. இதையெல்லாம் சொல்லித் திருப்பிக் கொடுத்தால் நல்ல கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். கூச்சப்படத் தேவையில்லை, காசு கொடுத்துத்தானே குடிக்கிறோம்.

டாஸ்மாக்கில் பழகிய நமக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பீர் என்றதும் "கூலிங் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீரை விழுங்க அந்தக் குளிர் உதவும், ருசி தெரியாமல் போவதே அங்கே ஒரு வசதி. நல்ல கோதுமை பீரை அப்படிக் குடித்தால் கொடுத்த காசு வீண். கையில் வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஹெஃபவைசன் என்கிற ஜெர்மன் பாணி கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் உள்ளே போடுவதில்லை. அந்த ஈஸ்ட் நொதிக்கும்போதே தானாக வரும் மணம் அது. ஆர்பரின் பேங்களூர் பிளிஸ் இந்த வகைதான். டாய்டில் பாஸ்மதி அரிசி சேர்த்துக் காய்ச்சும் பாஸ்மதி பிளாண்ட் என்று ஒன்று உண்டு. வெயிலில் அலைந்துவிட்டு வந்தவருக்கு முதல் கிளாஸாக அதைவிட இதமானது எனக்குத் தெரியவில்லை. ஐபிஏ என்கிற கசப்பு தூக்கலான பீரைக் கடைசியில் வையுங்கள். பீரில் சேர்க்கும் ஹாப் பூவின் கசப்பு நாக்கில் ஏறிவிட்டால் அடுத்து வரும் மென்மையான பீர் தண்ணீராகத் தெரியும். எது பிடிக்கும் என்று தெரியாதவர்கள் சின்னச் சின்ன கிளாஸில் ஐந்தாறு வகை தரும் சாம்ப்ளரைக் கேளுங்கள்.

கூகுள் ஸ்டாரைப் பார்த்து பிரூபப் தேடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அங்கே மார்க் விழுவது விளக்கு அலங்காரத்துக்கும் டிஜேவுக்கும் செல்ஃபி சுவருக்கும். பீரைப் பற்றி மட்டும் தெரிய வேண்டுமென்றால் அன்டாப்டு என்கிற செயலி உண்டு. அதிலும் பீட்டர் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் பரவாயில்லை. சனிக்கிழமை இரவு போகவே போகாதீர்கள். வார நாளில் சாயங்காலம் நாலு மணி, அதுதான் நேரம். கூட்டமும் சத்தமும் இல்லாத வேளையில் பரிமாறுகிறவர்களுக்கும் பேசப் பொறுமை இருக்கும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பிரூபப் சமையல்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நூற்றுக்கணக்கான நாற்காலிகள், இந்திராநகர் வாடகை, எல்லாரையும் திருப்திப்படுத்த வேண்டிய முதலாளி. அதனால் மெனுவில் பீட்சா, சூஷி, பட்டர் சிக்கன், சில்லி சிக்கன், நாச்சோஸ் எல்லாம் வரிசை கட்டுகிறது. ஒரே அடுப்படியில் இத்தனையும் செய்தால் எது உருப்படும்? வாசலுக்கு வெளியே அரைமணி தூரத்தில் ஒரே ஒரு பதார்த்தத்தைத் தலைமுறையாகச் செய்து கொண்டிருக்கிறவர்கள் இருக்கும் ஊர் அது.

ஜெயநகர் சிவாஜி மிலிட்டரி ஹோட்டலுக்கு (அந்த ஊரில் அசைவச் சாப்பாட்டுக் கடைக்கு அப்படிப் பெயர்) மதியத்துக்கு முன்னால் போங்கள், பிந்தினால் தீர்ந்துவிடும். இலைத் தொன்னையில் வரும் பிரியாணி அது. புதினாவும் கொத்தமல்லியும் அரைத்துப் போட்டதில் லேசாகப் பச்சை அடிக்கும், அரிசி நம்ம சீரகச் சம்பா வகை. ஆம்பூர்க்காரர்கள் கோபிக்கக் கூடாது, காரமும் மிளகும் தூக்கலான இந்தப் பிரியாணி வேறு சாதி. மிலிட்டரி ஹோட்டல்களில் ராகி முத்தேயும் ஆட்டுக்கறிச் சாறும் கிடைக்கும். முத்தேயை மெல்லாமல் சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும், நம்ம ஊர்க் களி மாதிரிதான். சைவக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. பசவனகுடி வித்யார்த்தி பவன் 1943இலிருந்து தோசை ஊற்றுகிறது (வெள்ளிக்கிழமை போய் ஏமாறாதீர்கள், விடுமுறை). மல்லேஸ்வரம் சிடிஆரில் பென்னே, அதாவது வெண்ணெய், மசாலா தோசை. இரண்டில் எது உசத்தி என்ற பஞ்சாயத்தை பெங்களூர்க்காரர்களுக்கே விட்டுவிடலாம், நான் சிடிஆர் பக்கம்.

நான் போடும் திட்டம் இப்படித்தான் இருக்கும். மதியம் தெற்கே ஜெயநகரில் கறிச்சாப்பாடு. வயிறு நிறைந்திருந்தால் பீரும் மெதுவாகத்தான் ஏறும். பிறகு கிரீன் லைன் மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறி, பர்ப்பிள் லைனில் இந்திராநகர். நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை பீர், பக்கத்தில் ஏதாவது கொறிக்க, அவ்வளவுதான். ஏழுக்குமேல் டிஜே ஆரம்பித்ததும் பில். அங்கிருந்து எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் இறங்கி ரெசிடென்சி ரோடு நாகார்ஜுனாவில் இலை போட்டு ஆந்திரா மீல்ஸ், பருப்புப்பொடியும் நெய்யும். ஒயிட்ஃபீல்டும் 2023இலிருந்து இதே பர்ப்பிள் லைனில்தான் வருகிறது என்பதால் சொந்த வண்டியைத் தொடவே வேண்டாம். ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லிப் பார்க்கலாம், மனத்தைத் தேற்றிக்கொண்டு. இன்னொன்று, காந்தி ஜெயந்தி அன்றும், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணிநேரமும் ஊரே வறட்சிதான். நாள் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று இருக்கிறது. பீருக்குத் தொட்டுக்கொள்ள உலகத்திலேயே தோதான கொறிப்புகள் உள்ள ஊர்களில் பெங்களூர் ஒன்று. ஐயங்கார் பேக்கரிகளில் பொட்டலமாகக் கிடைக்கும் காங்கிரஸ் கடலை இருக்கிறதே, நிலக்கடலையைத் தோல் நீக்கி இரண்டாக உடைத்து உப்பும் மிளகும் கறிவேப்பிலையும் பிரட்டியது, அதைவிடப் பொருத்தமாக கோதுமை பீருக்கு என்ன வேண்டும்? குளிர்காலம் வந்தால் வி.வி.புரம் முழுக்க அவரேகாய் (நம்ம மொச்சை) வாசம்தான், தோலுரித்த பருப்பை எண்ணெயில் பொரித்து உப்புக் காரம் போட்டுத் தருவார்கள். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசி சோமவாரத்தில் பசவனகுடியில் நிலக்கடலைக்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. இத்தனையும் சுற்றி இருக்க, பிரூபப் மேஜையில் வந்து உட்காருவது நமுத்துப்போன நாச்சோஸும் ஃப்ரோசன் பிரெஞ்சு ஃப்ரைஸும். அதுவும் காங்கிரஸ் கடலை ஒரு கிலோ வாங்கும் விலைக்கு.

விதிவிலக்கு உண்டு, மறுக்கவில்லை. சில இடங்களில் கூர்க் பன்றிக்கறி போடுகிறார்கள். காச்சம்புளி என்கிற கூர்க் கறுப்புக் காடியின் புளிப்பும் மிளகும் ஏறிக் கறுத்துப்போன அந்தக் கறியோடு, வறுத்த மால்ட்டில் (முளைகட்டிய தானியம்) காய்ச்சிய கறுப்பு ஸ்டவுட் பீர் சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். மெனுவில் அதைக் கண்டால் மட்டும் என் இரண்டு கடை விதியை மீறி அங்கேயே சாப்பிடுவேன். பார்த்துப் பார்த்து பீர் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு உள்ளூர் பேக்கரியிலிருந்து ஒரு மூட்டைக் கடலை வாங்கி வைக்கத் தெரியாதா என்ன? நாமே வாங்கிக்கொண்டு போகலாமென்றால் அதுவும் நடக்காது. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று வாசலிலேயே பையைத் துழாவுகிறார்கள்.