புளியங்கொட்டை பொறுக்குவதும் படிப்புதான்

அங்கன்வாடியில் எழுதச் சொல்லித் தருவதில்லை, அதனால்தான் பெற்றோர் தனியார் எல்.கே.ஜி.யைத் தேடிப் போகிறார்கள் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மூன்று வயதுப் பிள்ளையின் விரல் பென்சிலுக்கு இன்னும் தயாராகியிருக்காது. என் மையத்தில் ஒரு பையன் தினமும் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போடுவான். முதலில் உள்ளங்கையால் அள்ளினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்க இரண்டு மாசம் ஆனது. அப்புறம் ஒருநாள் சாக்பீஸைக் கொடுத்தேன், தரையில் அழகாக வட்டம் போட்டான். "டீச்சர், எப்போ அ, ஆ எழுத வைப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்த அவன் அம்மாவைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன்.

உண்மையான குறை நேரம்தான். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ல் 33 வட்டாரங்களில் தொடங்கியபோதே ஆறு சேவைகளில் ஒன்றுதான் முன்பருவக் கல்வி. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பார்க்கப் போவது, எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் என்ற அரசுப் பதிவுச் செயலியில் ஏற்றுவது என்று அத்தனையும் ஒரே பணியாளர் தலையில். நெட்வொர்க் கிடைக்காமல் போனோடு வாசலில் நின்ற நாட்களில் பாட்டும் கதையும் பாதியில் நின்றுபோகும். உதவியாளர் அடுப்படியில் இருப்பார். பதிவு வேலைக்கு மட்டுமாவது தனியாக ஓர் ஆள் கொடுங்கள் என்று தயவுசெய்து அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.